அரை நிமிடம் கூடும் செனட்

வாஷிங்டனில் செனட் சபை. நூறு இருக்கைகளும் காலி. ஒரே ஒரு உறுப்பினர் உள்ளே வந்து தலைவர் இருக்கையில் ஏறி நிற்கிறார். சுத்தியைத் தட்டி, சபை கூடியதாக அறிவிக்கிறார். இன்று இவர் தலைமை தாங்குகிறார் என்று சொல்லும் சிறு கடிதத்தை அலுவலர் ஒருவர் படிக்கிறார். அடுத்த கூட்டம் இன்ன தேதி என்று சொல்லிவிட்டு உறுப்பினர் மறுபடி தட்டுகிறார். சபை ஒத்திவைக்கப்பட்டது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் ஆனால் அதிகம். மூன்று நாள் கழித்து இன்னொருவர் வந்து இதையே செய்வார்.

அந்தச் சுத்திக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கைப்பிடி கிடையாது, உள்ளங்கைக்குள் அடங்கும் தந்தத் துண்டு. பழைய சுத்தி 1954இல், ரிச்சர்ட் நிக்சன் துணை அதிபராக இருந்தபோது, ஒரு காரசாரமான விவாதத்தில் உடைந்துபோனது. அந்த அளவுக்குத் தந்தம் கிடைக்காமல் இந்தியத் தூதரகத்திடம் கேட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் புதிய சுத்தியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர், திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

சரி, ஆளே இல்லாத சபையில் அதைத் தட்டுவது எதற்கு? செனட் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அதிபர் பதவிகளுக்கு ஆள் போட்டுவிடக் கூடாது என்பதற்கு.

அமெரிக்காவில் அமைச்சர், தூதர், நீதிபதி, வாரிய உறுப்பினர் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு அதிபர் பெயரை மட்டும்தான் முன்மொழியலாம். செனட் வாக்களித்து ஒப்புக்கொண்டால்தான் அந்த ஆள் நாற்காலியில் உட்கார முடியும். இதற்கு அரசியல் சாசனமே ஒரு விலக்கு வைத்திருக்கிறது. செனட்டின் விடுமுறைக் காலத்தில் ஏற்படும் காலியிடங்களை அதிபர் தாமே நிரப்பலாம். அந்த நியமனம் செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரை செல்லும். ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதிய காலத்தில் அதில் சூது எதுவும் இல்லை. உறுப்பினர்கள் குதிரையிலும் வண்டியிலும் கிளம்பி ஊர் போய்ச் சேரவே பல நாளாகும். கூட்டத்தொடர் முடிந்தால் சபை மறுபடி கூட ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல். நடுவில் ஒரு துறைமுகச் சுங்க அதிகாரி இறந்துபோனால் வரி வசூல் நிற்குமே என்ற கவலைதான். அலெக்சாண்டர் ஹாமில்டன் இதைத் துணை ஏற்பாடு என்றுதான் விளக்கினார். முதன்மை வழி செனட்டின் ஒப்புதல்.

ஆனால் அரசியல் முதல் அதிபர் காலத்திலேயே உள்ளே வந்துவிட்டது. 1795இல் செனட் விடுமுறையில் இருந்தபோது ஜான் ரட்லெட்ஜை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக ஜார்ஜ் வாஷிங்டன் நியமித்தார். அந்த நேரம் பார்த்து ரட்லெட்ஜ், பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே உடன்படிக்கையைத் தாக்கி சார்ல்ஸ்டனில் ஓர் ஆவேசப் பேச்சுப் பேசினார். டிசம்பரில் கூடிய செனட் 14க்கு 10 என்ற கணக்கில் அவரை நிராகரித்தது. சில மாதம் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார் மனிதர்.

அந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு சொற்கள் இருநூறு ஆண்டு வழக்காடலுக்குத் தீனி போட்டன. ஒன்று, காலியிடம் 'ஏற்படுவது'. விடுமுறையின்போதே ஏற்பட வேண்டுமா, முன்பே ஏற்பட்டு விடுமுறையிலும் தொடர்ந்தால் போதுமா? 1823இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் வில்லியம் விர்ட், தொடர்ந்தாலே போதும் என்று அதிபருக்குச் சாதகமாகச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது சொல், 'விடுமுறை'. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே வரும் நீண்ட இடைவெளி மட்டும்தானா? தொடருக்குள்ளேயே கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று கலைந்து போவதும் அதில் சேருமா? 1901இல் ஓர் அட்டர்னி ஜெனரல் சேராது என்றார். 1921இல் இன்னொருவர், ஹாரி டாஹர்டி, நான்கு வார இடைவெளியைச் சேர்த்துக்கொண்டார். பத்து நாளெல்லாம் போதாது என்றும் சொல்லிவைத்தார். அந்தப் பத்து நாளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையே இல்லாத இடத்தில் விடுமுறையைக் கண்டுபிடித்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். 1903 டிசம்பர் 7 நண்பகல், சிறப்புக் கூட்டத்தொடர் ஒரு சுத்தித் தட்டலில் முடிந்தது. அதே தட்டலில் வழக்கமான கூட்டத்தொடர் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு விடுமுறை வந்துபோனது என்று சொல்லி 160க்கும் மேற்பட்டவர்களை ரூஸ்வெல்ட் நியமித்தார். பெரும்பாலோர் ராணுவ அதிகாரிகள். செனட் கொதித்தது. 1905இல் அதன் குழு ஒன்று, விடுமுறை என்பது உண்மையானதாக இருக்க வேண்டும், கற்பனையாக இருக்கக் கூடாது என்று அறிக்கை எழுதியது. சபை காலியாக இருந்து, உறுப்பினர்களுக்கு வர வேண்டிய கடமை இல்லாமல், அதிபரின் செய்தியைப் பெற்றுக்கொள்ளவும் முடியாமல் இருந்தால்தான் அது விடுமுறையாம். இல்லாத விடுமுறையை இருப்பதாகச் சொன்னார் அதிபர். நூறு ஆண்டு கழித்து, இருக்கும் விடுமுறையை இல்லை என்று சாதித்தது செனட்.

நடுவில் பல பதிற்றாண்டுகள் இது பெரிய சண்டையாக இல்லை. ஐசனோவர் மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளை இப்படித்தான் முதலில் உட்காரவைத்தார்: 1953இல் ஏர்ல் வாரன், 1956இல் வில்லியம் பிரென்னன், 1958இல் பாட்டர் ஸ்டூவர்ட். மூவரையும் செனட் பிறகு ஒப்புக்கொண்டது. தர்குட் மார்ஷலை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 1961இல் கென்னடி அனுப்பியதும் இதே வழியில்தான். தெற்கத்திய செனட்டர்களின் இழுத்தடிப்பைத் தாண்ட அது உதவியது. ரீகன் எட்டு ஆண்டுகளில் 200க்கு மேல் செய்தார், கிளின்டன் 139, இளைய புஷ் 171.

எண்ணிக்கை இருக்கட்டும். நோக்கம் மாறியதுதான் விஷயம். கிளின்டன் காலத்திலிருந்து, செனட் ஊரில் இல்லாததால் செய்யும் நியமனமாக இல்லாமல், ஊருக்கு வந்தால் மறுத்துவிடும் என்பதற்காகச் செய்யும் நியமனமாக இது ஆகிவிட்டது. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகச் சில குடியரசுக் கட்சியினர் தடுத்துவைத்திருந்த ஜேம்ஸ் ஹோர்மெலை 1999இல் லக்ஸம்பர்க் தூதராக்கினார் கிளின்டன். ஜனநாயகக் கட்சி தடுத்த சார்ல்ஸ் பிக்கரிங், வில்லியம் பிரையர் இருவரையும் 2004இல் நீதிபதிகளாக்கினார் புஷ். பிரையருக்குக் கிடைத்தது பிப்ரவரியில் ஒன்றரை வாரத்துக்குக் கலைந்த ஒரு சிறு இடைவெளி. 2005 ஆகஸ்டில் ஜான் போல்டன் ஐக்கிய நாடுகள் தூதரானார். 2007இல் சாம் ஃபாக்ஸ் விவகாரம் இன்னும் அப்பட்டம். 2004 தேர்தலில் ஜான் கெர்ரியின் போர்ச் சேவையைத் தாக்கி விளம்பரம் செய்த குழுவுக்கு நன்கொடை கொடுத்தவர் அவர். அவரைப் பெல்ஜியம் தூதராக்க வாக்கு கிடைக்காது என்று தெரிந்ததும் வெள்ளை மாளிகை பெயரைத் திரும்பப் பெற்றது. செனட் ஈஸ்டருக்குக் கலைந்த சில நாளில் அவரையே நியமித்தது.

அப்போது செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட். 2007 நவம்பரில், நன்றி நவிலல் விடுமுறைக்குக் கலையும் முன், அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கலையவே வேண்டாம். மூன்று நாளைக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வந்து சுத்தியைத் தட்டினால் போதும். வெர்ஜினியா செனட்டர் ஜிம் வெப் போன்ற பக்கத்து மாநிலத்துக்காரர்களுக்கு அந்த வேலை. இந்த ஒப்புக்கூட்டங்கள் பழைய வழக்கம்தான். அவற்றை அதிபருக்குப் பூட்டாகப் போட்டதுதான் புதுசு. புஷ் தம் பதவிக்காலத்தின் மிச்சத்தில் ஒரு விடுமுறைக்கால நியமனமும் செய்யவில்லை.

பூட்டைச் செய்தவர் வீட்டுக்கே அது போடப்பட்டது அடுத்த காட்சி. 2011இல் ஒபாமா அதிபர், செனட்டும் அவர் கட்சியின் கையில், தலைவர் அதே ரீட். பிரதிநிதிகள் சபை மட்டும் குடியரசுக் கட்சியிடம். சாசனத்தில் இன்னொரு விதி இருக்கிறது: ஒரு சபை மற்ற சபையின் சம்மதம் இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் கலைந்திருக்க முடியாது. பிரதிநிதிகள் சபை சம்மதம் தர மறுத்தது. ஆக, ரீட்டின் செனட் தன் சொந்த அதிபரைத் தடுக்கும் கூட்டங்களைத் தானே நடத்த வேண்டியதாயிற்று.

ஒபாமாவுக்கு இரண்டு நெருக்கடிகள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் உருவான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைவர் இல்லை. அதன் சட்டத்தையே திருத்தினாலொழிய யாரை முன்மொழிந்தாலும் விடமாட்டோம் என்று 44 குடியரசுக் கட்சி செனட்டர்கள் கடிதமே எழுதியிருந்தார்கள். ஆள் சரியில்லை என்று தடுப்பது வேறு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நாற்காலியைக் காலியாக வைத்தே முடக்குவது வேறு. இது இரண்டாவது ரகம். இன்னொரு நெருக்கடி, தேசியத் தொழிலுறவு வாரியம். ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேராவது இல்லாமல் தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. 2012 ஜனவரி 3 அன்று ஒருவருடைய காலம் முடிய, மிஞ்சியது இரண்டு பேர்.

மறுநாளே ஒபாமா துணிந்தார். நுகர்வோர் அமைப்புக்கு ரிச்சர்ட் கார்ட்ரே, வாரியத்துக்கு மூன்று பேர். ஜனவரி 3ஆம் தேதி ஓர் ஒப்புக்கூட்டம், 6ஆம் தேதி அடுத்தது, நடுவில் புகுந்தார். அவர் தரப்பு வாதம் எளிது: அரை நிமிடம் சுத்தி தட்டுவது கூட்டமே இல்லை, நாடகம், செனட் உண்மையில் பல வாரமாக விடுமுறையில் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்தப் பூட்டைச் செய்த ரீட்டும் இப்போது அதிபர் பக்கமே நின்றார்.

வழக்கு வந்த இடம்தான் வேடிக்கை. வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் பெப்சி புட்டியில் அடைத்து விற்கும் நோயல் கேனிங் என்ற நிறுவனம். ஊதிய ஒப்பந்தப் பேச்சில் வாய்மொழியாக உடன்பாடு ஏற்பட்டதா இல்லையா என்று தொழிற்சங்கத்தோடு தகராறு. வாரியம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனமோ, தீர்ப்பு கிடக்கட்டும், தீர்ப்பளித்த வாரியமே செல்லாது என்று நீதிமன்றம் போனது. 2013 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாரையும் தூக்கிவாரிப்போடும் தீர்ப்பு சொன்னது: தொடர்களுக்கு நடுவேயான விடுமுறையில் மட்டுமே நியமிக்கலாம், அதுவும் அந்த விடுமுறையில் ஏற்பட்ட காலியிடத்துக்கு மட்டும். அப்படிப் பார்த்தால் பல பதிற்றாண்டுகளாக நடந்த நியமனங்களில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும்.

உச்ச நீதிமன்றத்தில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் சார்பில் வாதாட வந்தவர் மிகேல் எஸ்ட்ராடா. புஷ் முன்மொழிந்து, ஜனநாயகக் கட்சியின் ஃபிலிபஸ்டரால் நீதிபதியாக முடியாமல் 2003இல் விலகிக்கொண்டவர். செனட்டின் தடுக்கும் உரிமையால் பதவி இழந்த மனிதரே அந்த உரிமைக்காக நின்றார். பேசியே வாக்கெடுப்பைத் தடுக்கும் அந்த வழக்கத்தை உடைக்க அப்போது 60 வாக்குகள் வேண்டும்.

2014 ஜூன் 26. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், ஒபாமாவின் நியமனங்கள் செல்லாது என்றார்கள். ஆனால் காரணத்தில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஸ்டீபன் பிரேயர் எழுதிய ஐந்து பேர் தீர்ப்பு, அதிபர்கள் இத்தனை காலம் செய்துவந்த வழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்தது. தொடருக்குள் வரும் விடுமுறையும் விடுமுறைதான். பழைய காலியிடத்தையும் நிரப்பலாம். ஆனால் மூன்று நாள் இடைவெளி மிகக் குறைவு. பத்து நாளுக்குக் குறைந்தாலும் அசாதாரணச் சூழல் இல்லையென்றால் போதாது. டாஹர்டி காலத்துப் பத்து நாள் இப்போது சட்டமாகிவிட்டது. ஸ்காலியாவும் மற்ற மூவரும் இந்தச் சலுகையே தவறு, அந்த விதி காலாவதியான ஒன்று என்றார்கள்.

அரை நிமிடக் கூட்டம் பற்றிப் பிரேயர் சொன்னதுதான் அடுத்து வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. தான் கூடியிருப்பதாகச் செனட் சொன்னால் கூடியிருப்பதாகத்தான் கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அலுவல் நடத்தும் வல்லமை அதற்கு இருந்தால் போதும். வல்லமை இருந்ததற்கு ஆதாரம்? 2011 டிசம்பர் 23 அன்று இப்படி ஒரு ஒப்புக்கூட்டத்தில்தான், யாரும் ஆட்சேபிக்காததால், சம்பள வரிச் சலுகையை நீட்டிக்கும் மசோதாவைச் செனட் நிறைவேற்றியிருந்தது. ஒபாமா கேட்டு வாங்கிய மசோதா அது. தமக்கு வேண்டிய சட்டத்தை நிறைவேற்றிய கூட்டத்தை அவர் இரண்டு வாரத்துக்குள்ளேயே நாடகம் என்றால் நீதிமன்றம் எப்படி ஏற்கும்?

இதோடு சண்டை முடிந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் போல, ஒரு வழியை அடைத்தால் நியமன அரசியல் இன்னொரு வழியில் கசிந்தது. தீர்ப்புக்கு முன்பே, 2013 நவம்பர் 21 அன்று, ரீட் செனட்டின் 60 வாக்கு வழக்கத்தையே 52க்கு 48 என்று உடைத்தார். உச்ச நீதிமன்றம் தவிர மற்றெல்லா நியமனங்களுக்கும் இனி சாதாரணப் பெரும்பான்மை போதும். 2017இல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்கும் அதை நீட்டியது. எனவே செனட் தன் கட்சியிடம் இருக்கும் அதிபருக்கு விடுமுறைக்கால நியமனம் என்ற புறவாசல் தேவையே இல்லை. செனட் எதிர்க்கட்சியிடம் இருந்தால் புறவாசல் பூட்டியிருக்கும். இன்னொரு வழி, 'பொறுப்பு' அதிகாரிகள். 1998ஆம் ஆண்டின் காலியிடச் சட்டப்படி 210 நாள் வரை ஒருவரைப் பொறுப்பில் வைக்கலாம். பொறுப்பு அமைச்சர்கள் இருந்தால் கையாள எளிது என்று டிரம்ப் தம் முதல் ஆட்சியிலேயே வெளிப்படையாகச் சொன்னார். இரண்டாவது ஆட்சியில் நியூ ஜெர்சிக்கான மத்திய அரசு வழக்கறிஞராக அலினா ஹப்பாவை, தற்காலிக காலம் முடிந்த பிறகும், பதவிப் பெயரை மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்தார்கள். அது சட்டப்படி செல்லாது என்று 2025 ஆகஸ்டில் மாவட்ட நீதிபதியும் டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின.

விசித்திரம் என்னவென்றால், புறவாசல் தேவையில்லாத அதிபர்தான் அதை உரக்கக் கேட்டார். 2024 நவம்பர் 10 அன்று, தேர்தலில் வென்ற சில நாளில், செனட் பெரும்பான்மைத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் எவரும் விடுமுறைக்கால நியமனத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்று டிரம்ப் பதிவிட்டார். செனட் அவர் கட்சியிடம் போகப்போகிறது, 53 இடங்களோடு. பின் ஏன்? மூன்று நாள் கழித்து மேட் கேட்ஸை அட்டர்னி ஜெனரலாக முன்மொழிந்தபோது காரணம் புரிந்தது. சொந்தக் கட்சியிலேயே நான்கு பேர் எதிர்த்தால் விழும் பெயர்கள் அவர் பட்டியலில் இருந்தன. அப்போது, யாரும் தொடாத இன்னொரு சாசன விதியும் பேச்சில் அடிபட்டது. எப்போது கலைவது என்பதில் இரு சபைகளுக்கும் உடன்பாடு இல்லாவிட்டால் அதிபரே கலைந்திருக்கச் சொல்லலாம் என்கிறது அது. பிரதிநிதிகள் சபை கலையச் சொல்லித் தீர்மானம் போட, செனட் மறுக்க, அந்தக் 'கருத்து வேறுபாட்டை' வைத்து டிரம்ப் இரண்டையும் அனுப்பிவிட்டு நியமிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். இதுவரை எந்த அதிபரும் பயன்படுத்தியதில்லை. 2020 ஏப்ரலில் டிரம்பே மிரட்டியதோடு சரி.

ஜான் தூன் தலைவராகத் தேர்வானார், ரகசிய வாக்கெடுப்பில். வாய்ப்பை மூடவில்லை என்று பேசினார். நவம்பர் 21 அன்று கேட்ஸ் தாமாகவே விலகினார். பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் 50-50 என்று நின்று துணை அதிபரின் வாக்கால் 2025 ஜனவரியில் தேறினார். முன்வாசல் வழியாகவே ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

இதில் கட்சியைவிடப் பெரிய சுயநலம் ஒன்று வேலை செய்கிறது என்றே நினைக்கிறேன். ஒப்புதல் வாக்குதான் ஒரு செனட்டரின் கையிலிருக்கும் சரக்கு. தூதர் பதவிக்குச் சிபாரிசு, மாநிலத்துக்கு ஒரு திட்டம், அமைச்சரிடமிருந்து ஒரு வாக்குறுதி எல்லாம் அதைக் காட்டித்தான் கிடைக்கிறது. அதை எந்த அதிபரிடமும் சும்மா தூக்கிக் கொடுக்க அவர்களுக்கு மனம் வராது. மேடையில் எதிர்த்துப் பேச வேண்டியதும் இல்லை; சுத்தி தட்ட ஆளனுப்பினால் போதும். 2017 ஆகஸ்டிலும் இதுதான் நடந்தது. டிரம்ப் தம் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸைத் தூக்கிவிட்டு, செனட்டைக் கேட்காமலே வேறு ஆளைப் போடுவாரோ என்று பேச்சு எழுந்த நேரத்தில், குடியரசுக் கட்சியின் செனட்டே ஒப்புக்கூட்டங்களுக்குத் தேதி குறித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பியது.

2025 கோடையில் ஜனநாயகக் கட்சியினர் ஒரு பெயரையும் குரல் வாக்கில் விடாமல், ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கெடுப்பு கேட்டு இழுத்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று பேரம் முறிந்தது. எதிர்க்கட்சித் தலைவர் சக் ஷூமரை நரகத்துக்குப் போகச் சொல்லி டிரம்ப் பதிவிட்டார். அப்போதும் தூன் புறவாசலைத் திறக்கவில்லை. செப்டம்பரில் அவர் விதியைத் திருத்தினார், பெயர்களை மொத்தமாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றும்படி. செப்டம்பர் 18 அன்று 48 பேர், அக்டோபர் 7 அன்று 107 பேர். 107 பேரில் யாருடைய தகுதியை யார் பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஆனாலும் அது செனட்டின் வாக்கு. அதிபரின் கையெழுத்து மட்டும் அல்ல.

அந்த ஆகஸ்ட் முழுக்க, உறுப்பினர்கள் ஊர்களில் இருக்க, காலிச் சபையில் சில நாளுக்கு ஒருமுறை ஒருவர் வந்து போனார். வந்து தட்டியது அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள்தான்.